பெட்டியில் ஏற்றும் மெசினும் அதோடு ஏறும் நம்மவரும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் டிரக்டர் ஓட்டுநர்களும் ஸ்டோர் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தருகிறோம்.)



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்குச் சங்கிலியைப் பற்றி என்ன தெரியும் என்று பின்னால் இருந்து யாரோ சிரிப்பது கேட்கிறது. நியாயம்தான். நாங்கள் சங்கிலி இழுத்துக் கட்டியவர்கள் அல்ல. இன்று சொல்லப்போவதில் பாதி ஸ்டோரில் முப்பது வருடம் பிட்டர் வேலை செய்த அண்ணன் ஒருவரிடம் கேட்டது. மற்றப் பாதி பெரிய லொறியில் ஜேசிபி ஏற்றி இறக்கும் ஓட்டுநர்களிடம் கேட்டது. கணக்கு மட்டும் எங்களுடையது. அதைச் சரிபார்க்க இங்கேயே ஆட்கள் இருக்கிறீர்கள். பிழை இருந்தால் இடையிலேயே எழுந்து சொல்லுங்கள்.

ஏன் இந்த வகுப்பு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். போன வருடம் ஐப்பசி மழையில், மூடிய ஒரு ஸ்டோரில் இருந்து ரோலர் ஒன்றைப் பிரித்துப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். மேல் பாகம் முதலில் போய்விட்டது. அடிப்பாகத்தை டிரக்டர் பெட்டியில் ஏற்றினார்கள். பிரித்த பிறகும் அது ஒரு டன்னுக்குக் குறையாது என்று பிட்டர் அண்ணன் சொல்கிறார். அதன் மேலாக ஒரேயொரு நைலோன் கயிறு போட்டு, பெட்டியின் பக்கக் கதவுக் கொக்கியில் முடிச்சுப் போட்டார்கள். பிறகு நான்கு பேரைப் பார்த்து, "ஏறிப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றார்கள். ஏறினார்கள்.

பாலத்துக்கு மேலே உள்ள வளைவில் எதிரே ஒரு வேன் வந்தது. டிரக்டர் பிரேக் பிடித்தது. டிரக்டர் நின்றது, பெட்டியும் நின்றது, ரோலர் நிற்கவில்லை. முன்பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு தோழரின் வலது கை. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவருடைய மகன் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் இருந்து அப்பா வந்த கிழமை அவன் கேட்டான்: "சேர், ஒரு கை இருந்தா அரைப் பேரா போடுவாங்க?" அந்தப் பிள்ளை புலமைப்பரிசிலுக்குப் பின்னக்கணக்குப் படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. இந்த வகுப்பை ஒழுங்கு செய்தோம்.

முதலில், அந்த நான்கு பேரால் ஏன் பிடிக்க முடியவில்லை என்பதைப் பார்ப்போம். பலம் இல்லாமலா? கவ்வாத்து வெட்டுகிற கைகள் அவை.

ஹட்டனில் இருந்து கினிகத்தேனைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் பிடிக்கிறார். பஸ் நிற்கிறது, நீங்கள் முன்னால் போகிறீர்கள். உங்களை யாரும் தள்ளவில்லை. நீங்கள் போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே போகிறீர்கள், அவ்வளவுதான். மெசினும் அப்படித்தான். வீதியில் சுமை ஏற்றுகிறவர்கள் பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு இது: கடும் பிரேக்கில் ஒரு பொருள் தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு பலத்தோடு முன்னால் போகப் பார்க்கும். வளைவில் பக்கவாட்டாக எடையில் பாதி. பின்பக்கமாகவும் பாதி. ஒரு டன் என்றால் 1,000 கிலோ. அப்படியென்றால் முன்னால் 800 கிலோ, பக்கத்தில் 500 கிலோ. ஐம்பது கிலோ உர மூடையில் பதினாறு மூடையை ஒன்றாகக் கட்டி மேலே இருந்து உருட்டிவிட்டால் நான்கு பேர் மறிப்பார்களா? அதைத்தான் அன்றைக்கு அவர்களிடம் கேட்டோம்.

"கேட்டோம்" என்று சொல்கிறோம். "கேட்டார்கள்" என்று சொல்லவில்லை. அன்று அந்த இடத்தில் தோட்ட நிர்வாகத்தின் ஆள் இருந்தார், உண்மை. ஆனால் எங்கள் சங்கத்தின் ஆளும் இருந்தார். மழை வருகிறது, சீக்கிரம் ஏறுங்கள் என்று அவரும்தான் சொன்னார். அவர் இன்று இந்த வகுப்புக்கு வந்திருக்கிறார். தானே இதைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறோம்.

சரி, கட்டுகிற விசயத்துக்கு வருவோம். கட்டுவதற்கு முன்னால் எங்கே வைப்பது என்று ஒன்று இருக்கிறது. நம் டிரக்டர் பெட்டிகளில் பெரும்பாலானவைக்கு ஒரே அச்சு, இரண்டு சக்கரம். துலாக்கோல் மாதிரி. சுமை அச்சுக்குப் பின்னால் போனால், முன்னால் உள்ள இழுகம்பி மேலே எழும்பும். அது டிரக்டரின் பின்சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கும். பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தில். சக்கரம் நிலத்தில் அழுந்தாவிட்டால் பிரேக் எதைப் பிடிக்கும்? இறக்கத்தில் பெட்டி டிரக்டரைத் தள்ளிக்கொண்டு போகும். நேரே தள்ளினால் பரவாயில்லை, பக்கவாட்டாகத் தள்ளி மடக்கிவிடும். மறுபக்கம், சுமையை முழுக்க முன்பலகையோடு ஒட்டி வைத்தால் இழுகம்பியும் கொக்கியும் முறியப் பார்க்கும். ஆகவே பாரத்தின் நடு, அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். இழுகம்பியில் கொஞ்சம் பாரம் தெரிய வேண்டும், ஆனால் அதிகம் வேண்டாம். இடம் வலமும் சமமாக இருக்க வேண்டும். ரோலருக்கு ஒரு பக்கம் மோட்டர் இருக்கும். வெளித்தோற்றத்துக்கு நடு என்று தெரிவது பாரத்துக்கு நடு அல்ல. செயின் புளொக்கில் தூக்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் அந்தப் பக்கம்தான் பாரம் கூட. உயரமாக நிற்பதைப் படுக்கவைக்க முடிந்தால் படுக்கவையுங்கள்.

அடுத்தது பெட்டியின் தளம். இதை யாருமே பார்ப்பதில்லை. காலையில் கொழுந்து ஏற்றிய பெட்டி, மேலே மழைத்தண்ணீர், அதில் மெசினில் இருந்து ஒழுகிய கிரீஸ். இரும்பின் மேல் இரும்பு வைத்து நடுவில் எண்ணெயும் விட்டால் அது சறுக்கு மரம்தான். காய்ந்த பலகை மேல் வைத்த மெசின், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தானாகவே பிடித்து நிற்கும். எண்ணெயும் ஈரமும் பட்ட இரும்பில் அது பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். தடித்த ரப்பர் விரித்தால் பாதி வரை ஏறும். பழைய லொறி டயரை அறுத்து நான்கு மூலைக்கும் போடுங்கள். காசு செலவில்லை. அதற்கு முன் தளத்தைக் கூட்டி, மரத்தூள் போட்டுத் துடையுங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கும் பேர் உண்டு. இனாம் வேலை அல்ல.

மெசினைச் சுற்றி முன்னும் பின்னும் பக்கமும் கட்டை வைத்து, அதைத் தளத்தோடு ஆணி அடிக்க வேண்டும். சும்மா ஆப்புச் சொருகினால் இரண்டாவது குழியில் துள்ளி விழுந்துவிடும். முன்பக்கம் மெசினுக்கும் முன்பலகைக்கும் இடையே வெறும் இடம் விடாதீர்கள். மரக்கட்டையால் நிரப்புங்கள். எங்கள் தோழரின் கை போனது அந்த வெறும் இடத்தில்தான்.

இனிக் கட்டு. ஒரு கயிற்றை மெசினுக்கு மேலே போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுகிறோமே, அது மெசினைப் பிடிப்பதில்லை. கீழே அழுத்துகிறது, அவ்வளவுதான். கயிறு செங்குத்தாக இறங்கினால் இழுத்த பலம் முழுக்க அழுத்தமாகும். சாய்ந்து போய்த் தளத்தோடு 30 பாகையில் நின்றால் அழுத்தம் பாதிதான். பெரிய இரும்பைப் பிடித்து நிறுத்த அழுத்தம் போதாது. நான்கு மூலையில் இருந்தும் தனித்தனியாக நான்கு சங்கிலி வேண்டும். முன்மூலை இரண்டில் இருந்து முன்னுக்கும், பின்மூலை இரண்டில் இருந்து பின்னுக்கும், கொஞ்சம் வெளிப்பக்கமாகவும், தளத்தோடு ஏறத்தாழ 45 பாகைச் சரிவில். பின்னால் இழுக்கிற இரண்டும்தான் பிரேக் பிடிக்கும்போது மெசினை முன்னால் போகவிடாமல் வைத்திருப்பவை. முன்னால் இழுப்பவை ஏற்றத்தில் வேலை செய்யும். பத்துப் பாகை ஏற்றத்தில் ஒரு டன் மெசின் சும்மா நின்றாலே ஏறத்தாழ 170 கிலோ பலத்தோடு பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஏன் நான்கும் தனித்தனி? ஒரே சங்கிலியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் ஓர் இடத்தில் வளையம் விட்டால் எல்லாமே தளர்ந்துவிடும். தனித்தனி என்றால் ஒன்று விட்டாலும் மூன்று நிற்கும்.

சங்கிலி என்றதும் மாட்டுக்குக் கட்டுகிற சங்கிலியைக் கொண்டுவந்துவிடாதீர்கள். சுமைக்கென்று செய்த சங்கிலியின் வளையத்தில் தரம் குத்தியிருக்கும். 80 ஆம் தரத்தில் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள சங்கிலி மூன்று டன்னைத் தாங்கும். நமக்கு வேண்டியதற்கு அது தாராளம். இழுத்து இறுக்கும் பட்டி என்றால் அதில் தைத்திருக்கும் சீட்டில் எவ்வளவு தாங்கும் என்று இருக்கும். சீட்டுக் கிழிந்த பட்டியை நம்பாதீர்கள். ஓரம் அறுந்த பட்டி, வெயிலில் வெளிறிய பட்டி, வளையம் நீண்டுபோன சங்கிலி எல்லாம் ஒதுக்க வேண்டியவை. ஒதுக்குவது என்றால் மூலையில் போடுவது அல்ல, வெட்டிப்போடுவது. மூலையில் போட்டதை நாளைக்கு இன்னொருவர் எடுத்துக் கட்டுவார். முடிச்சுப் போட்ட கயிறு, முடிச்சு விழுந்த இடத்தில் தன் பலத்தில் பாதியை இழக்கலாம். அன்றைய நைலோன் கயிற்றில் மூன்று முடிச்சு இருந்தது. எங்கள் தோழர் ஒருவர் அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்.

எதில் கட்டுவது என்பதும் முக்கியம். பெட்டியில் சட்டத்தோடு வெல்டிங் செய்த வளையத்தில் கட்டுங்கள். பக்கக் கதவுக் கொக்கி கதவைப் பூட்டத்தான். மெசின் பக்கம், உருவிலேயே வார்த்த கால், சட்டம், தூக்குவதற்கென்று வைத்த வளையம் இவற்றில் கட்டலாம். குழாயிலும் சுழல்தண்டிலும் கைப்பிடியிலும் வேண்டாம். கூரான விளிம்பில் பட்டி போனால் நடுவில் மடித்த டயர்த் துண்டு வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கம்பியால் மெசினை நெம்பிப் பாருங்கள். பெட்டியும் சேர்ந்து அசைந்தால் நல்ல கட்டு. மெசின் மட்டும் அசைந்தால் முதலில் இருந்து தொடங்குங்கள்.

ஜேசிபியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கும் ஒரு வார்த்தை. வீதி வெட்டுகிறவர்கள், வீட்டுத்திட்டத்துக்கு மண் அள்ளுகிறவர்கள் இப்போது ஜேசிபியைப் பெரிய லொறியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சக்கரம் இருப்பதால் அது உருளும், கை இருப்பதால் அது ஆடும். முன்வாளியையும் பின்கையையும் தளத்தில் முட்ட இறக்கி, கையின் பூட்டைப் போட்டு, எஞ்ஜினை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியைக் கையில் எடுக்க வேண்டும். அதன்பின் நான்கு மூலைச் சங்கிலி. எண்ணெய்க் குழாய்மேல் சங்கிலி படக்கூடாது. லொறியில் ஏற்றும்போது சரிவுப்பலகைக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவருவார்கள். விரட்டுங்கள், எங்கள் பெயரைச் சொல்லியே விரட்டுங்கள்.

ஓட்டுகிற தம்பிமாருக்கு நாங்கள் ஓட்டச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஒன்று. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. பெட்டிக்குத் தனிப் பிரேக் இல்லாத டிரக்டரில் அது நேரே ஆற்றுக்குத்தான் போகும். கொக்கி ஊசிக்குப் பூட்டு இருக்கிறதா, ஊசி கழன்றால் பிடிக்க ஒரு காவல் சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள். ஊசிக்குப் பதிலாக மரையாணி செருகியதை நாங்களே பார்த்திருக்கிறோம். புறப்பட்டு இரண்டு வளைவு தாண்டியதும் நிறுத்தி இறங்கிக் கட்டைப் பாருங்கள். கட்டை அமுங்கும், டயர் அமுங்கும், சங்கிலி கட்டாயம் தளரும். ஆரம்பத்தில் எவ்வளவு இறுக்கினாலும் தளரும். மறுபடி இறுக்கிவிட்டுப் போங்கள்.

1885 இல் ரயில் நானுஓயா வரை வந்தது. பதுளைக்கு 1924 இல்தான் போனது. ரயில் வந்த இடத்தில் இருந்து மலைக்கு மேலே ஸ்டோருக்கு மெசின்கள் எப்படிப் போயின என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டு வண்டியும் மனிதத் தோளும். நம் பாட்டன்மார் கட்டி, நெம்பி, இழுத்து ஏற்றியவை. அவர்களில் யாருக்குக் கை போனது, கால் போனது என்பதை எழுதிவைக்க அன்று சங்கம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதனால்தான் அடுத்த விசயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சுமைக்கு மேலே ஆள் ஏறக்கூடாது. மெசினைப் பிடிக்க ஏறக்கூடாது, மெசினோடு போக ஏறக்கூடாது. இதைச் சொன்னதும் ஓர் அம்மா கேட்டார்: "மேக்கணக்கில இருந்து வீட்டுக்கு மூணு மைல். மழையில கொழுந்து டிரக்டர்ல ஏறாம நடக்கவா சொல்றீங்க?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் சுலபமான பதில் இல்லை. கால் வலிக்கிறவர்களை நடக்கச் சொல்லிவிட்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாது. ஆனால் கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து வருவதும், ஒரு டன் இரும்புக்குப் பக்கத்தில் நின்று வருவதும் ஒன்றல்ல. இரண்டாவதை நாளையில் இருந்தே நிறுத்துவோம். முதலாவதுக்கு, இருக்கையும் கைபிடியும் உள்ள தனி வாகனம் கேட்டு மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதியிருக்கிறோம். நிர்வாகத்தோடு நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தையில் அது இருக்கிறது. கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டோம். கேட்போம்.

"ஏறு" என்று சொன்னால் என்ன சொல்வது? சண்டை பிடிக்கத் தேவையில்லை. "கட்டு முடிந்ததும் நாங்கள் பின்னால் நடந்து வந்து அங்கே இறக்கித் தருகிறோம்" என்று சொல்லுங்கள். வேலையை மறுக்கவில்லை, ஏறுவதை மட்டும் மறுக்கிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சொல்லும்போது பக்கத்தில் இருவர் கேட்கட்டும்.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால்? வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1934 இல் இருந்து இருக்கிறது. ஸ்டோருக்குள் பாதுகாப்புப் பற்றிய தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டுடையது. சட்டம் பழையது, நமக்குத்தான் புதிது. முதலாவது, விபத்தைத் தாமதிக்காமல் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். இரண்டாவது, டிஸ்பென்சரியிலும் ஆஸ்பத்திரியிலும் "எப்படி நடந்தது" என்று கேட்பார்கள். வலியில் இருக்கிறவர் "விழுந்திட்டேன்" என்பார். அப்படியே எழுதிவிடுவார்கள். கூடப் போகிறவர் "வேலை செய்யும்போது, இன்ன வேலை, இத்தனை மணிக்கு" என்று சொல்லி எழுதவைக்க வேண்டும். மூன்றாவது, ஏறச் சொன்னது யார் என்பது. பாதுகாப்புக்காகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறிக் காயப்பட்டார் என்று காட்டிவிட்டால் நட்டஈட்டை மறுக்க வழி இருக்கிறது. எங்கள் தோழர் விடயத்தில் முதல் அறிக்கையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? அவர் "தன் விருப்பத்தில் பெட்டியில் ஏறினார்" என்று. மற்ற மூன்று பேரும் ஏறச் சொன்னதைத் தங்கள் காதால் கேட்டதாகச் சொல்லிக் கையொப்பம் வைத்தபடியால் அந்த வரி இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. முறைப்பாடு நட்டஈட்டு ஆணையாளரிடம் போயிருக்கிறது. முடிவு வரவில்லை.

அந்த மூன்று பேரில் இருவர் வேறு சங்கம். அதையும் இங்கே சொல்ல வேண்டும். கையொப்பம் வைக்கும்போது ஒருவரும் சந்தாப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

நிர்வாகத்திடம் கேட்கும் சாமான்களின் பட்டியல் பெரிதல்ல. 10 மில்லிமீற்றர் சங்கிலி நான்கு, இறுக்குகிற கருவி நான்கு, சட்டத்தோடு வெல்டிங் செய்த வளையம் பெட்டிக்கு ஆறு, டயர்த் துண்டும் கட்டையும். ஒரு டிவிசனுக்கு ஒரு செட் இருந்தால் போதும். அது ஸ்டோரில் டீமேக்கர் பொறுப்பில் இருக்கட்டும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஒரு கொப்பியில் எழுதட்டும். மெசின் ஏற்றுகிற நாளில் கட்டுவதற்கான நேரமும் வேலை நேரம் என்று எழுத்தில் வேண்டும். ஏனென்றால் அவசரம் அங்கே இருந்துதான் வருகிறது. கிலோக் கணக்கிலும் பயணக் கணக்கிலும் காசு என்றால் யார் நிறுத்தி இறங்கிச் சங்கிலி பார்ப்பார்?

மூடிய அந்த ஸ்டோரில் இன்னும் இரண்டு ரோலரும் ஒரு டிரையரும் இருக்கின்றன. மார்கழிக்குள் எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. எந்த நாள் என்று பிரட்டில் சொன்னவுடன், காலை எத்தனை மணியானாலும் பரவாயில்லை, கமிட்டித் தலைவர் எங்களுக்கு ஒரு கோல் எடுக்கட்டும். பிட்டர் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தோழரும் வருகிறாராம். கட்டு எப்படி இருக்கிறது என்று தானே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார்.

இனி வெளியில் போவோம். முற்றத்தில் பெட்டியும் சங்கிலியும் வைத்திருக்கிறோம். கொழுந்துச் சாக்கில் கல் நிரப்பி மெசின் மாதிரி அடுக்கியிருக்கிறது. முதலில் டிரக்டர் ஓட்டும் தம்பிமார் வாருங்கள்.